கண்ணாடி வைத்த மஞ்சள் சுடிதார்

முகத்தை மறைத்துவிட்டால் ஆளையே மறைத்துவிட்டோம் என்று வெண்மதி நம்பினாள். கெட்டிக்காரிகளுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

ஃபேஸ்புக்கில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்று மாணவிகளுக்கு மாணவிகளே சொல்லட்டும், ஒரு சுவரொட்டி செய்யுங்கள் என்றார்கள். 2011இல், சிதம்பரத்தில் ஒரு மகளிர் விடுதியில் நடந்தது இது. வெண்மதிக்கு முத்து முத்தான எழுத்து. வேலை அவள் தலையில் விழுந்தது. அவளோடு அறையில் இருந்தவர்கள் இருவர்: திட்டக்குடிக்காரி மங்கலம், கடலூர் முதுநகர்க்காரி ஜான்சி.

மங்கலம் ஒருநாள் அழுதுகொண்டே தன் படம் ஒன்றைக் காட்டினாள். ஃபேஸ்புக்கில் பழகிய ஒருவன் கேட்டானென்று அனுப்பிய படம். அந்தப் பாவி அதை வேறு பெயரில் போட்டு, கீழே வாயில் சொல்ல முடியாததையெல்லாம் எழுதியிருந்தான்.

“இதையே போடுடி. பாத்தாதான் புள்ளைங்களுக்கு பயம் வரும். மூஞ்சி மட்டும் தெரியக் கூடாது. எங்கூட்டுக்குத் தெரிஞ்சா அடுத்த முகூர்த்தத்துல கட்டிக் குடுத்துருவாங்க.”

யாரிடமும் சொல்வதில்லை என்று வெண்மதி சத்தியம் செய்தாள். படத்தைப் பிரிண்ட் எடுத்து, முகத்தில் கறுப்பு மார்க்கரைப் பட்டையாக இழுத்தாள். கீழே, ‘மறைக்காதே, முதலில் வீட்டில் சொல்’ என்று அழகாக எழுதி, சாப்பாட்டுக் கூடத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள்.

மறுநாள் இட்லிக்கு வரிசையில் நின்றவர்கள் முகத்தையா பார்த்தார்கள்? கைப்பகுதியில் கண்ணாடிச் சில்லு வைத்துத் தைத்த மஞ்சள் சுடிதாரைப் பார்த்தார்கள். அது ஜான்சியுடையது என்று விடுதிக்கே தெரியும். படம் எடுக்க மங்கலம் அதை இரவல் வாங்கி உடுத்தியது அந்த அறையின் மூன்று பேருக்குத்தான் தெரியும். பத்து மணிக்குள் வார்டன் படத்தைக் கிழித்தெடுத்துவிட்டு முதுநகரில் ஜான்சி வீட்டுக்குப் போன் போட்டார்.

வெண்மதி செருப்பை மாட்டினாள். “நான் போய் உண்மைய சொல்லிடறேன்டி.”

மங்கலம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“வேணாம்” என்றாள் ஜான்சி. “எங்கப்பா நாலு நாள் பேச மாட்டாரு, அவ்ளோதான். இவள கட்டிக் குடுத்துட்டா திரும்பி வருவாளா?”

பாவம், அப்பாவை அவள் அவ்வளவுதான் அறிந்திருந்தாள். அப்பா தேவசகாயம் மாலையில் வந்தார். சத்தம் போடவில்லை, டி.சி.க்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

கிளம்பும்போது அறிவிப்புப் பலகை முன் நின்றார். படம் இருந்த இடத்தில் பசைதான் இருந்தது. கீழே மிஞ்சியிருந்த எழுத்தை மெதுவாகப் படித்தார்.

“இத யாரும்மா எழுதுனது?”

“நான்தாங்க.”

“நல்லா எழுதியிருக்க. எம்பொண்ணு இத முன்னாடியே படிச்சிருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பா. படிப்ப நிறுத்துற அளவுக்கு வந்திருக்காது.”

பெட்டியோடு நின்ற ஜான்சி, வெண்மதியைப் பார்த்து வேண்டாமென்று லேசாகத் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்புக்காகக் காத்திருந்தவள்போல் வெண்மதிக்கு மூச்சு வந்தது. அதற்காகத் தன்னை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

“ஆமாங்க” என்றாள்.