நரகத்து வாசலில் ஒரு புகார்

வருஷாவருஷம் டிசம்பர் ஐந்தாம் தேதி, பிள்ளைகளை மிரட்டித் திருத்தும் பிசாசு விழாவுக்காக எங்கள் ஊர்க் காடு நரகமாகிவிடும். தீயணைப்புக் குழு ஆண்கள்தான் பிசாசுகள். ஆட்டுத்தோல் கோட்டைப் புரட்டிப் போட்டு, முகத்தில் கரியை அப்பிக்கொண்டு, சங்கிலியை இழுத்தபடி மரங்களுக்கிடையில் உறுமுவார்கள். பனியில் லாந்தர் விளக்குகள் வைத்த பாதை மேடேறி, பிசாசுகளின் ராஜா லூசிஃபரின் சிம்மாசனத்தில் முடியும். அங்கே பிள்ளைகள் ஒரு பாட்டுப் பாடி, இனி ஒழுங்காக இருப்பதாகச் சத்தியம் செய்தால் தப்பிக்கலாம். கிச்சிலிப் பழமும் கிடைக்கும். டிக்கெட் காசு கொடுத்துப் பிள்ளைகளை அழவைக்க எங்களைவிட்டால் ஆள் கிடையாது.

பிள்ளைகளின் குற்றமெல்லாம் பிசாசுகளுக்கு எப்படித் தெரியும்? பாதையின் தொடக்கத்தில் வெள்ளை இறக்கை கட்டிய தேவதை ஒருத்தி நிற்பாள். அவள் காதில் பெற்றவர்களே ஓதிவிட்டுப் போவார்கள். பல் தேய்க்கமாட்டான், தம்பியை அடிக்கிறாள், இப்படி.

போன வருஷம் என் கணவன் ஹினெக் ஓதியது வேறு. எங்கள் மகள் வெந்துலாவுக்கு அப்போது ஆறு வயது. படுக்கையை நனைத்துவிட்டுத் துணியை ஒளித்துவைத்ததை அவனிடம் மட்டும், காரில் போகும்போது, சொல்லியிருக்கிறாள். அந்த ஓட்டைவாயன் தேவதையிடம் உளறிவிட்டான். பாதி வழியில் ஒரு பிசாசு அதையே அவள் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் கத்தியது. வெந்துலா திரும்பி ஓடிவந்துவிட்டாள். அன்றிலிருந்து அப்பாவிடம் பேச்சு சுருங்கிப்போனது. "ஸ்கூல்ல என்னடா கண்ணு நடந்துச்சு?" என்று கேட்டால், "சாப்பிட்டோம்" என்பாள். அவ்வளவுதான். ஒரு வருஷமாக அவன் கேட்காத நாளில்லை, அவள் சொன்ன நாளுமில்லை.

இந்த வருஷம் போகவேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். அவள்தான் பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"லூசிஃபர் வரைக்கும் போறேன். அவர்ட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்ன சொல்லணும்?" என்றேன்.

"அவர்ட்டதான் சொல்லுவேன்."

சின்னவன் ஓட்டாவைப் பனிச்சறுக்கு வண்டியில் உட்காரவைத்துக் கிளம்பினோம். தேவதை ஹினெக்கின் பக்கம் குனிந்தாள். "ஏதாவது இருக்கா?" நான் அவன் காலை மிதித்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணும் இல்ல" என்றான்.

"சும்மா ஒண்ணு சொல்லுங்க. பிசாசுங்க என்னத்தப் பேசுறது?"

"ஒண்ணுமே இல்லங்க!" நான் காலை எடுத்துக்கொண்டேன்.

முதல் வளைவிலேயே இரண்டு பிசாசுகள் பாய்ந்தன. வெந்துலாவின் முகம் வெளுத்துப்போனது. ஹினெக் கையை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை. கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தாள். மேட்டில் பனி முழங்காலைத் தொட்டது.

"வண்டில ஏறிக்கடா, அப்பா இழுக்கறேன்."

"நடந்துதான் போவேன்."

போன வருஷம் அவள் திரும்பி ஓடிய இடம் ஓடைப் பாலம்தான். அதே கொம்பு, அதே பிசாசு. யாரும் எதுவும் ஓதாததால் அதற்குச் சரக்கில்லை. "நீ அம்மா பேச்சக் கேக்கறதே இல்ல!" என்று பொத்தாம்பொதுவாகக் கத்தியது.

வெந்துலா ஓரடி பின்வாங்கினாள். இப்போது ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். "கேப்பேன். தெரியாம சொல்லாதீங்க" என்றாள். பிசாசு வழிவிட்டது.

மேலே நெருப்புக்கு முன்னால் லூசிஃபர் உட்கார்ந்திருந்தார். தீயணைப்புக் குழுத் தலைவர் ராதிம்தான். சனிக்கிழமை தவறாமல் ஹினெக்கோடு சீட்டாடுகிறவர். சுற்றிலும் பாதி ஊர் மசாலா ஒயினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது.

"பாட்டுப் பாடு, பாவியே!"

"பாடமாட்டேன். நான் ஒண்ணும் பண்ணல." கையை வெளியே எடுத்து விரலை நீட்டினாள். "எங்கப்பாதான் பண்ணாரு. ரகசியம்னு சொன்னா வெளில சொல்லிடறாரு. அவரப் புடிங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ராதிம் அவள் முகத்தைப் பார்த்தார். அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். நல்ல மனுஷன்.

"டேய், சாக்கக் கொண்டாங்கடா!"

இரண்டு பிசாசுகள் ஹினெக்கை உருளைக்கிழங்குச் சாக்குக்குள் இடுப்புவரை இறக்கிவிட்டன. "ஐயோ, புதுப் பேன்ட்டு!" என்று அவன் கத்த, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பாட்டுப் பாடித் தப்பிக்கலாமா?" ராதிம் வெந்துலாவைக் கேட்டார்.

"பாட்டு வேணாம். உண்மையச் சொல்லட்டும்."

ஹினெக் சாக்கோடு பனியில் மண்டியிட்டான். சுற்றி நின்ற ஊரையே அவன் மறந்துவிட்டது தெரிந்தது.

"நீ எங்கிட்ட மட்டும் சொன்ன. நான் வாய அடக்காம ஒளறிட்டேன். நீ அழுத, நான் அத வேடிக்கைனு நெனச்சேன். தப்பு எம்மேலதான் வெந்துலா."

"இன்னொரு தடவ வெளில சொல்லுவியா?" என்றாள் வெந்துலா.

"சத்தியமா மாட்டேன்."

"வுட்ரலாமா?" என்றார் ராதிம்.

அவள் யோசித்தாள். ஹினெக்கின் முழங்கால் நனைந்துகொண்டே இருந்தது, அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். என் பெண் அல்லவா.

"விடுங்க. ஆனா கெட்ட பசங்களுக்குக் குடுப்பீங்கல்ல, அந்தக் கரி, அத அவருக்குக் குடுங்க."

கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டான்.

இறங்கும்போது நான் ஓட்டாவோடு முன்னால் போனேன். திரும்பிப் பார்த்தபோது வெந்துலா அப்பாவை நிறுத்தி, காதை இழுத்து வாயை ஒட்டவைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நீளமாக. அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

வீட்டில் பிள்ளைகள் தூங்கப் போனதும் கேட்டேன். "என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்ல."

"ஸ்கூல் விஷயமா? யாராவது அடிச்சானா? ஹினெக், நான் அவளோட அம்மா!"

அவன் கையில் ஒட்டிய கரியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான். கல்யாணமான நாளாக அவன் வயிற்றில் ஒரு சொல் தங்கி நான் பார்த்ததில்லை.

"அவளையே கேளு" என்று விளக்கை அணைத்துவிட்டான்.