கூரையில ஒரு பிழை

உக்காருங்க சார். மொதல்ல உக்காருங்க. கட்டடத்தைப் பெறகு போய்ப் பாக்கலாம், அது எங்கயும் ஓடிறாது. என் மகன் ரத்தினசாமி லோடு விசயமா சாத்தூர் வரைக்கும் போயிருக்கான். அவன் திரும்பி வர்றதுக்குள்ள உங்ககிட்ட ஒரு சங்கதியைச் சொல்லி முடிக்கணும். வேலைக்காரியைக் கலர் சோடா வாங்கக் கடைக்கு அனுப்புனதுகூட அதுக்குத்தான், உங்க தாகத்துக்காக இல்ல.

நீங்க லட்சுமிகாந்தம் ஐயாகிட்ட வேலை படிச்சவராம். அவர் கட்டுனதை எல்லாம் போட்டோ புடிச்சு ஒரு புத்தகம் போடப் போறீகளாம். மெட்ராஸ்ல லைப்ரரி, கோயம்புத்தூர்ல மில்லு, பம்பாய்ல ஆஸ்பத்திரின்னு எல்லாம் பாத்துட்டு, கடைசியா எங்க பட்டாசு கம்பெனிக்கு வந்திருக்கீக. எல்லாம் சரி. ஆனா வந்த கையோட வாசல்ல நின்னு, "இந்தக் கூரை விழும்னு சொல்லிக் காலியாப் போட்டிருக்காகளே, எனக்கு ஒரு தப்பும் தெரியலையேம்மா"ன்னு சத்தமாக் கேட்டீக பாருங்க, அதுக்குத்தான் உங்களை அவசரமா உள்ள கூப்பிட்டேன்.

அந்த வார்த்தையை என் மகன்கிட்ட மட்டும் சொல்லிறாதீக. உங்க வாயிலருந்து அது வரணும்னுதான் அவன் காலையிலருந்து காத்துக்கிட்டு இருக்கான். "மெட்ராஸ்லருந்து கட்டடம் தெரிஞ்ச ஆள் வர்றாகளாம்மா. கூரை தாங்கும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாகன்னா, நாளைக்கே வெடிமருந்து கலக்குறதை அங்கன மாத்திருவேன்"னு சொல்லிட்டுத்தான் வண்டியை எடுத்தான். தீவாளி நெருங்கிருச்சு. தகரக் கொட்டகை ஒழுகுது. அங்கன உக்காந்து மருந்து கலக்குறவன் என் தம்பி காசிராஜன். எனக்குக் கூடப் பெறந்தவன் அவன் ஒருத்தன்தான் சார். இப்பத் தெரியுதா நான் ஏன் பதறுறேன்னு.

எங்க வீட்டுக்காரக பேரை நான் சொல்ல மாட்டேன். மாரியம்மன்ல பாதியும் சாமியும் சேத்துக்கோங்க, அதான் பேரு. ஊரே முதலாளின்னு கூப்பிட்டுச்சு, நானும் அப்படியே சொல்றேன். அவுக போய்ச் சேந்து ரெண்டு வருசமாச்சு. தங்கமான மனுசன்தான், ஆனா பெருமைன்னா உசுரைக் குடுப்பாக. இந்தத் திருத்தங்கல்ல எல்லாரும் தகரத்தைப் போட்டு வேலை நடத்தும்போது, இவுகளுக்கு மட்டும் மெட்ராஸ்ல பாத்த லைப்ரரி மாதிரி ஒரு பாக்டரி வேணும்னு ஆசை வந்துருச்சு. நேராப் போய் ஐயாவைப் புடிச்சுட்டாக.

ஐயாவுக்கு அப்ப நாப்பது வயசு இருக்கும். வெளிநாட்டுல படிச்சவர். பேப்பர்ல படம் வர்ற ஆள். உள்ள ஒரு தூண்கூட இல்லாம, கவுத்திப் போட்ட சொளகு, உங்க பக்கம் முறம்பீகளே, அது மாதிரி வளைஞ்சு நிக்கிற காங்கிரீட்டுக் கூரை, அதுலதான் அவர் பேரு வாங்குனார். இன்ஜினீயர்னு கூப்பிட்டா மூஞ்சி சுண்டிப் போகும், ஆர்க்கிடெக்ட்னு சொல்லணுமாம். எனக்கு அது வாயில நுழையலை. ஐயான்னே கூப்பிட்டேன், அதுக்கு அவர் ஒண்ணும் சொல்லலை.

மெட்ராஸ்லருந்து படம் வரைஞ்சு அனுப்பினார். அதைப் பாத்ததும் முதலாளி ஒரு காரியம் பண்ணுனாக. எங்க ஊர்க்காரனைத் தவிர வேற எவனும் அதைச் செய்ய மாட்டான். அஸ்திவாரம் தோண்டலை, ஒரு செங்கல்லு வந்து இறங்கலை, அந்தப் படத்தை ஏழு கலர்ல காலண்டர் அடிச்சு, கல்கத்தா, பாட்னான்னு இருக்கிற அம்புட்டு ஏஜெண்டுக்கும் அனுப்பிட்டாக. "எங்கள் புதிய பாக்டரி"ன்னு கீழ கொட்டை எழுத்து வேற.

அதுக்குப் பெறகுதான் ஐயா எங்க வேலையையே நேர்ல பாக்க வந்தார். காசி மருந்து கலக்குறதைத் தள்ளி நின்னு ரொம்ப நேரம் பாத்தார். கலவைப் பக்குவம் வெளிய போயிரக் கூடாதுன்னு எங்க ஆட்கள்ல அந்த வேலைக்குச் சொந்தபந்தத்தைத்தான் உக்கார வைப்பாக, அதனாலதான் மச்சினன் தலையில அது விடிஞ்சுது. அச்சங்குளம் பக்கம் ஒரு கொட்டகை வெடிச்சிருந்துச்சு. ஐயா அங்கயும் போய்ப் பாத்துட்டுத் திரும்பி வந்தார்.

"என் கூரைக்குக் கீழ மருந்து கலக்கக் கூடாது. தகரம்னா வெடிச்ச வேகத்துல பறந்துரும், உள்ள இருக்கிறவன் பொழைக்க வழி உண்டு. காங்கிரீட்டு பறக்காது. உடைஞ்சு ஆள் மேலயே விழும். நான் வேற படம் போட்டுத் தர்றேன்"னார்.

"காலண்டர் போயிருச்சே ஐயா"ன்னாக முதலாளி.

அன்னைக்குப் பூராவும் ரெண்டு பேரும் மல்லுக்கட்டுனாக. கடைசியில ஒரு வழிக்கு வந்தாக. காலண்டர்ல இருக்கிற மாதிரியே பெரிய கட்டடம் கட்டிக்கலாம், ஆனா அதுல ஆபீசும் லேபிள் ஒட்டுறதும் மட்டும்தான். மருந்து வேலைக்குப் பின்னால காட்டுல தள்ளித் தள்ளித் தகரக் கொட்டகை. அப்படித்தான் கட்டுனார். பஸ்ஸுல போறவக எல்லாம் எட்டி எட்டிப் பாத்துட்டுப் போனாக. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

மறு வருசம் ஐப்பசி. எங்க பக்கம் வருசம் பூரா ஒரு தூத்தல் விழாது, சீசன் உச்சத்துல இருக்கும்போது மட்டும் ஊத்து ஊத்துன்னு ஊத்தும். அந்த வருசம் பேய் மழை. தகரமெல்லாம் ஒழுகி மருந்து ஈரமாச்சு, வேலை நின்னுபோச்சு. பாட்னாக்காரன் தந்திக்கு மேல தந்தி அடிக்கான். முதலாளிக்கு ராத்தூக்கம் இல்ல. ஒரு நாள் மத்தியானம் அடுப்படி ஜன்னல் வழியாப் பாக்கேன், காசி சல்லடையையும் சட்டியையும் தூக்கிக்கிட்டுப் பெரிய கட்டடத்துக்குள்ள போறான்.

முதலாளிகிட்டப் போய், "ஐயா அம்புட்டுச் சொல்லியும் இப்படிச் செய்யிறீகளே"ன்னு கத்தினேன். "மருந்தோட படுத்து எந்திரிக்கிறவன் நான். அது என்னை என்ன செஞ்சுரும்? மழை விடுற வரைக்கும்தான், போய் வேலையைப் பாரு பொன்னு"ன்னுட்டாக. காசிகிட்டப் போனா, "இங்கனதான்க்கா ஒரு சொட்டு ஒழுகலை"ன்னு சிரிக்கான். அவன் தலைக்கு மேல அம்புட்டுப் பெரிய காங்கிரீட்டு நிக்கிது. நான் வாசல்ல நின்னு அழுதேன் சார், வேற என்ன செய்ய.

சாமி கொண்டாந்து விட்ட மாதிரி மறுநாளே ஐயா வந்து இறங்கினார். எங்களுக்காக வரலை. விருதுநகர்ல எங்க ஆட்கள் சேந்து ஒரு காலேஜ் கட்ட இருந்தாக, அதை ஐயாகிட்டத்தான் குடுக்கிறதுன்னு முடிவாகி, மறுநாள் கையெழுத்து. அவர் வாழ்க்கையிலயே அம்புட்டுப் பெரிய வேலை அதுவரைக்கும் வந்ததில்லைன்னு வாசல்ல வச்சே நீங்க சொன்னீக. போற வழியில எங்க வீட்டுல சாப்பாடு. நான் எலையைக்கூடப் போடலை. "ஐயா, மொதல்ல அங்கன போய்ப் பாருங்க"ன்னேன்.

பாத்தார். பாத்துட்டு முதலாளிகிட்ட எம்புட்டோ சொன்னார். வெடிச்சா என்ன ஆகும், காங்கிரீட்டு எப்படிச் சிதறும், ஆள் எப்படிச் சாவான்னு. முதலாளி காதைக் குடைஞ்சுக்கிட்டே கேட்டாக. எங்க ஆட்களுக்கு மருந்துன்னா பயமே கெடையாது சார். அதான் எங்களைப் புடிச்ச சனியன். பழகிருச்சு. வெடிக்கும்னு சொன்னா, "வெடிக்கத்தான ஐயா அதைச் செய்யிறோம்"னு கேலி பண்ணுவாக.

ஐயா பேச்சை நிறுத்திட்டார். ரொம்ப நேரம் கூரையையே பாத்தார். ஏணி கேட்டார். ஏறி அங்கங்க கையால தட்டிப் பாத்தார். இறங்கி வந்து, குரலைத் தாழ்த்தி, "முதலாளி, ஒரு விசயம். என் கணக்குல பிழை வந்துருச்சு. இந்தக் கூரை மழையில ஊறினா இறங்கும். எப்பன்னு சொல்ல முடியாது"ன்னார்.

அப்ப முதலாளி மூஞ்சியைப் பாத்திருக்கணும் நீங்க. வெடிக்குப் பயப்படாத மனுசன், தூண் இல்லாத கூரை விழும்னதும் வெலவெலத்துப் போயிட்டாக. "ஏலே எல்லாரும் வெளிய வாங்கலே"ன்னு அலறிக்கிட்டு அவுகதான் மொதல்ல ஓடுனாக. லேபிள் ஒட்டுற பொம்பளைக எல்லாம் மழையில நனைஞ்சு நிக்கிறாக. காசி மட்டும் உள்ள இருக்கான், கலக்குன மருந்தை அவசரத்துல தூக்க முடியாது. ஐயாவும் உள்ளயே நின்னார். காசிக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணி, மெதுவா, கடைசிச் சட்டி வெளிய வர்ற வரைக்கும் அந்தக் கூரைக்குக் கீழயே நின்னார். எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

சோறு போடும்போது கேட்டேன். முதலாளி கை கழுவ எந்திரிச்சுப் போயிருந்தாக. "நெசமாவே பிழையா ஐயா?"

"நான் போட்டதுலயே நல்ல கூரை இதுதாம்மா. நூறு வருசம் நிக்கும்"னார்.

"அப்ப உங்க காலேஜு?"

"ரசம் ஊத்துங்க"ன்னார்.

முதலாளி சும்மா இருப்பாகளா? மறுநாள் விடியவும் விருதுநகருக்குப் போய், "இவரை நம்பிக் காலேஜு கட்டாதீக, பிள்ளைக தலையில விழும், அவரே ஒத்துக்கிட்டார்"னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாக. காலேஜு போச்சு. அந்தப் பேச்சு மெட்ராஸ் வரைக்கும் போய், டெல்லியில வர இருந்த வேலையும் போச்சாம். பெறகு ரெண்டு மூணு வருசம் கையில வேலையே இல்லாம, காம்பவுண்டுச் சுவரு கட்டிக் குடுத்துக் காலம் தள்ளினார்னு நீங்க சொல்லித்தான் இன்னைக்கு எனக்குத் தெரியும். அதைக் கேட்டதுலருந்து எனக்கு மனசு ஆறலை. பெறகு எந்திரிச்சு வந்தார், பம்பாயில கட்டினார், மெடல் வாங்கினார், எல்லாம் சரி. அந்த மூணு வருசத்தை யாரு திருப்பிக் குடுப்பா?

அடுத்த ஆனி மாசம் காசியோட கொட்டகை வெடிச்சுது. காலை நேரம். அடுப்படியில பாத்திரம் பூரா கீழ விழுந்துச்சு. என்ன ஓட்டம் ஓடுனேன்னு எனக்கே தெரியாது. தகரம் பறந்து பருத்திக் காட்டுல கெடக்கு. காசி வாசலுக்கு வெளிய மண்ணுல கெடக்கான். வலது கை வெந்துபோச்சு, ஒரு காது போச்சு, ஆனா மூச்சு இருந்துச்சு. சார், மூச்சு இருந்துச்சு.

அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல முதலாளி கேட்டாக, "ஏ பொன்னு, அந்தக் கூரையில நெசமாவே பிழை இருந்துச்சா?" இல்லைன்னு சொன்னேன். "அவர் அப்படிச் சொல்லலைன்னா, மழை விட்ட பெறகும் இவனை அதுக்குள்ளதான் உக்கார வச்சிருப்பேன்"னாக. காசி எந்திரிச்சு உக்காந்ததும் ரயில் ஏறி மெட்ராஸ் போனாக, ஐயா கையைப் புடிச்சு மன்னிப்புக் கேக்கணும், நடந்ததை ஊரறியச் சொல்லி அவர் பேரைத் திருப்பிக் குடுக்கணும்னு.

ஐயா வேண்டாம்னுட்டார். "கூரை நல்ல கூரைன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா, அடுத்த மழைக்கு அதுக்குள்ளதான் மருந்து கலப்பீங்க. மாட்டேன்னு என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க, பெறகு யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கோங்க"ன்னாராம்.

திரும்பி வந்து முதலாளி என்கிட்டச் சொன்னாக: "மாட்டேன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன் பொன்னு. வரலை. மழை பெஞ்சு ஆர்டர் நின்னா வச்சிருவேன்னு எனக்கே தெரிஞ்சுது." கல்யாணம் பண்ணி வந்து நான் அவுக அழுது பாத்தது அன்னைக்கு ஒரு நாள்தான். பெறகு சாகுற வரைக்கும் யார் கேட்டாலும், "அது விழுகிற கூரை, கிட்டப் போகாதீக"ன்னே சொன்னாக. அதுவரைக்கும் விசயம் ஐயாவுக்கும் எங்களுக்கும் மட்டும்தான். காசிக்கே தெரியாது. இப்ப ஐயாவும் போயிட்டார், முதலாளியும் போயிட்டாக. தெரிஞ்சவ நான் ஒருத்திதான். இன்னைக்கு நீங்க.

மகன்கிட்ட நெசத்தைச் சொன்னா என்னம்மான்னு கேக்கப் போறீக. சொன்னா என்ன செய்வான் தெரியுமா? ஐயாவோட போட்டோவை மாட்டி, மாலை போட்டுக் கும்பிடுவான். பெறகு மழை வரும், கல்கத்தாவுலருந்து போன் வரும், "ஒரே ஒரு வாரம்தாம்மா"ம்பான். அப்பனை உரிச்சு வச்ச பிள்ளை. காசி இன்னும் அந்த வெந்த கையோடதான் கலக்குறான். நிறுத்துடான்னா, வேற என்னக்கா தெரியும் எனக்குங்கான்.

உங்க மூஞ்சி வாடுது, தெரியுது. ஊர் ஊரா அலைஞ்சு, அவர் பேருல இருக்கிற ஒரே கறையைத் துடைக்கணும்னு வந்திருக்கீக. நான் என்னடான்னா அதை அழுத்திப் பூசுங்கங்கேன். எனக்கு மட்டும் ஆசை இல்லையா சார்? பஸ் ஸ்டாண்டுல நின்னு, அந்த மனுசன் சொன்ன பொய்யிலதான் என் தம்பி மூச்சு விடுறான்னு கத்தணும்போல இருக்கு. கத்த முடியலை. புத்தகத்துலயும் எழுதாதீக. என் மகன் படிக்க மாட்டான், ஆனா யாராவது படிச்சு அவன்கிட்டச் சொல்லுவாக.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேக்குது, அவன்தான். கண்ணைத் துடைச்சுக்கோங்க. உள்ள வந்ததும் உங்களைக் கட்டடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவான், நான் கூட வர முடியாது. அவர் பேரு கெட்டாக் கெடட்டும் சார். விழும்னு சொல்லுங்க.