முதல் ஊசி போன பிறகு

படுக்கையில் கிடந்தவளின் கன்னத்தில் இரண்டாவது ஊசி இறங்குமுன் டாக்டர் கேசினி கையை இழுத்துக்கொண்டாள். நர்ஸ் நீட்டிய தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: ‘நிரஞ்சலா, பிறப்பு 1974. விறைப்பு மருந்து ஒத்துக்கொள்ளாது.’

சுருங்கிய தோலுக்கு மினுமினுப்பு தரும் அந்த ஊசியில், வலி தெரியாமல் மரத்துப்போகச் செய்யும் விறைப்பு மருந்தும் கலந்திருந்தது. ஒன்று ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

கேசினி படுத்திருந்தவளின் நாடியைப் பிடித்தபடி நின்றாள். பதுளைக்கு வந்து கிளினிக் திறந்த ஒரு வருடத்தில் இப்படி நேர்ந்ததில்லை. பத்து நிமிடமாகியும் மூச்சு மாறவில்லை.

“மிச்சத்தையும் போடுங்க டாக்டரம்மா. பாஸ்போர்ட்டுல முப்பத்திநாலு, மூஞ்சியில நாப்பத்தஞ்சுன்னு குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்க. அடுத்த மாசம் கடைசித் தடவ பாக்குறாங்க.”

“உயிர் போனா குவைத்துக்கு ஆர் போறது? நான் போடமாட்டன்.”

கேசினி ஊசியைத் தட்டில் வைத்தாள். படுத்திருந்தவள் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். குரல் அடங்கிப்போயிருந்தது.

“எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க. ஒத்துக்காதது என் தங்கச்சி நிரஞ்சலாவுக்கு. அவ செத்து ஆறு வருஷமாச்சு. என் வயசுக்கு எடுக்கமாட்டாங்கன்னு அவ பேர்ல பாஸ்போர்ட் எடுத்தேன்; அதுக்கு எடுத்த அவ கடுதாசிகளோட அந்த அட்டையும் சேந்து வந்திருச்சு. நான் அக்கா, தனலெட்சுமி.”