இடுப்பளவுத் தண்ணீர்

கண்ணுகளா, இது கடலில் பலகை மேல் ஏறி நிற்கக் கற்றுக்கொடுக்கிற ஒருத்தியின் கதை. அவளுக்குக் காலையில் ஒரு வேலை உண்டு. ஆட்கள் வருமுன்னே தண்ணீரில் இறங்கி, உள்ளங்காலால் தரையைத் தடவித் தடவி நடப்பாள். மணல் மெல்லச் சரிந்து போகிற இடமாகப் பார்த்து, அதற்கு நேரே கரையில் இரண்டு மஞ்சள் கொடிகளை நடுவாள். அந்த இரண்டுக்கும் நடுவில் இறங்கினால் பயமில்லை.

ஒரு நாள் மட்டும் அப்படி நடந்து பார்க்கவில்லை. குளிர்காற்று, காய்ந்த உடுப்பு, கையில் சூடான காபி. முந்தின நாள் கொடி நட்ட குழிகள் மணலில் அப்படியே இருந்தன. "ஒரே ராத்திரியில கடல் என்ன எழுந்தா போயிடும்?" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, அதே குழிகளில் கொடிகளைச் செருகிவிட்டாள்.

அன்றைக்குப் பாடத்துக்கு வந்தவள் ஒரு தையல்காரி. ஐம்பது வயது, மூன்றாவது வகுப்பு. "இந்த வயசுல உனக்கு ஏன்டி இந்தக் கூத்து?" என்று சிரித்த வீட்டுக்காரரைக் கரையில் நிற்கவைத்துவிட்டு இறங்கினாள்.

"தங்கச்சி, இந்த அலை ஒரு இடத்துல சாதுவா வருது, ஒரு இடத்துல கொம்பு சீவிக்கிட்டு வருது. ஏன்?"

"எல்லாம் அடித்தரையோட வேலைக்கா. ஆழத்துல அலை தன் பாட்டுக்கு உருண்டு வரும். ஆழம் குறையக் குறைய அடிப்பக்கம் தடைபட்டு மெதுவாகும், மேல்பக்கம் முந்திக்கிட்டு விழும். தரை மெல்ல ஏறினா அலையும் நுரையா சரியும், நமக்கு அதுதான் வேணும். திடீர்னு மேடு வந்தா மொத்தமா கவுந்து கொட்டும்."

"மிஷின்ல அடித்துணி மாட்டிக்க, மேல்துணி சுருண்டுக்குமே, அந்த மாதிரியா?"

"அதேதான்! அக்கா, பேசாம நீங்க எனக்கு வகுப்பு எடுங்க."

சிரித்துக்கொண்டே நடந்தார்கள். பாதி வழியில் தண்ணீர் சட்டென்று முழங்காலுக்கு இறங்கியது. நேற்று இல்லாத மணல்மேடு. கற்றுக்கொடுப்பவளின் காலுக்கு அது தெரிந்துவிட்டது. திரும்பலாம், கொடியைப் பிடுங்கி வேறு இடம் பார்க்கலாம். ஆனால் கரையில் அந்த மனிதர் கைகட்டிக்கொண்டு பார்த்தபடி நிற்கிறார். நாலடி தாண்டினால் மறுபடியும் இடுப்பளவு. தாண்டிவிட்டாள்.

"விழுந்தா தலை முதல்ல போகக்கூடாதுக்கா. பக்கவாட்டுல, தட்டையா விழுங்க. இடுப்பளவுத் தண்ணிதான், ஒண்ணும் ஆகாது."

அலை வந்தது. தையல்காரி படுத்திருந்த பலகையைத் தள்ளிவிட்டாள். மேட்டைத் தொட்டதும் அந்தச் சின்ன அலை நிமிர்ந்து, மொத்தமாகக் கவிழ்ந்தது. தையல்காரி பக்கவாட்டில், தட்டையாக, சொன்னது சொன்னபடி விழுந்தாள். முழங்கால் தண்ணீரில் கை முதலில் மணலில் மோதியது. வலது மணிக்கட்டு முறிந்தது.

வீட்டுக்காரர் ஓடி வந்து, "என்ன ஆச்சு?" என்றார்.

கற்றுக்கொடுப்பவளின் வாய் முந்திக்கொண்டது. "தலையைக் குடுத்துப் பாஞ்சுட்டாங்க."

பிறகு வகுப்பில் நடப்பதைக் குறித்து வைக்கிற நோட்டிலும் அதையே எழுதினாள். நுரையைத் தவிர எதையும் பார்க்காத தையல்காரி, வலியோடு, "என் தப்புதாங்க" என்றாள்.

அதன்பிறகு இவள் தினமும் தரையை இரண்டு முறை நடந்து பார்த்தாள். நடந்து என்ன? தையல் கடையைத் தாண்டும்போதெல்லாம் சாக்பீஸ் கோடு போட்ட துணிகள் வெட்டாமல் தொங்குவது கண்ணில் படும். தலைகீழாகப் பாய்ந்தவள் என்று உள்ளே வீட்டுக்காரரின் கேலி: "டைவ் ராணி, மாத்திரை போட்டியா?" இவள் வாசலில் நின்று, "கை எப்படிக்கா இருக்கு?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.

ஆறு வாரம் கழித்துத் தையல்காரியே கடற்கரைக்கு வந்தாள். கட்டுப் பிரித்த கை வெளுத்து மெலிந்திருந்தது.

"பலகை வேணாம் தங்கச்சி, சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். நம்ம உடம்பு நாம சொன்னபடி கேக்காது போல. பக்கவாட்டுல விழுந்ததாத்தான் எனக்கு நெனப்பு. ஆனா நீ பாத்திருக்கியே, பொய்யா சொல்லப்போற?" பையிலிருந்து இரண்டு புது மஞ்சள் கொடிகளை எடுத்தாள். "உன் கொடி ஓரமெல்லாம் பிஞ்சு கிடந்துச்சு. இடது கையால தைச்சேன், கோணலாத்தான் இருக்கும்."

இவள் கையை நீட்டவில்லை. "அக்கா, கொஞ்சம் என்கூடத் தண்ணிக்கு வாங்க."

மேடு இப்போது வேறு இடத்துக்கு நகர்ந்திருந்தது. எங்கே என்று இவளுக்குத் தெரியும். முதலில் இடுப்பளவு, பிறகு சட்டென்று முழங்கால்.

"இந்த மாதிரி மேட்டுலதான் அன்னைக்கு விழுந்தீங்க. பக்கவாட்டுல, தட்டையா, நான் சொன்னபடியே. தலைகீழா பாயலை. காலையில நான் தரையை நடந்து பாக்கலை. உங்களைக் கூட்டிட்டுப் போறப்ப மேடு கால்ல தட்டுச்சு. தெரிஞ்சேதான் தாண்டினேன்."

ஒரு சின்ன அலை மேட்டில் நிமிர்ந்து, இருவர் முழங்காலிலும் கொட்டியது. தையல்காரி மெலிந்த கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆறு வாரமா அந்த மனுசன் என்னை டைவ் ராணின்னு கூப்பிடுறாரு. தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வாசல்ல நின்னு நலம் விசாரிச்சே."

"மன்னிச்சிடுங்கக்கா."

"அதெல்லாம் அப்புறம். இப்ப நட. அவர் முகத்தைப் பாத்துச் சொல்லு. அன்னைக்கு எழுதின அந்த நோட்டையும் எடுத்துக்கோ."

"உடுப்பு மாத்திட்டு..."

"அப்படியே வா!"

தெருவெல்லாம் சொட்டச் சொட்ட நடந்தார்கள். கதவைத் திறந்த வீட்டுக்காரர் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "என்ன டைவ் ராணி, மறுபடியுமா?"

"அவங்க பாயலைண்ணா," என்றாள் இவள். நோட்டைத் திறந்து, தான் எழுதிய வரியில் விரலை வைத்தாள். "இது பொய். எழுதினது நான். தப்பும் என்னோடது."

அவர் சிரிப்பு நின்றது. மனைவியின் கையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். தையல்காரி மேசையிலிருந்த பேனாவை எடுத்து, "மாத்தி எழுது" என்று இவளிடம் கொடுத்தாள்.

கொடிகள் தையல்காரியின் பையிலேயே இருந்தன.