தலைதட்டிய அளவு

காப்பிக்குச் சர்க்கரை எடுத்தால், கரண்டியின் மேற்பரப்பை ஆள்காட்டி விரலால் ஒரு தட்டுத் தட்டி, மிஞ்சியதை டப்பாவிலேயே விழவிடுவது மேஸ்திரியின் அக்காவுக்கு நாற்பதாண்டுப் பழக்கம். கட்டட வரைபட அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். எதையும் தலைதட்டித்தான் அளப்பார். தம்பியான மேஸ்திரியோ சுவர் எழுப்புவதில் கைதேர்ந்தவர். உப்பானாலும் சிமெண்டானாலும் கோபுரமாக அள்ளினால்தான் அவருக்கு நிம்மதி.

"இன்றோ, நாளையோ" என்று செவிலி சொல்லிச் சென்ற அந்தக் காலையிலும், தலையணையில் சாய்ந்தபடி தம்பி கொடுத்த காப்பியை ஒரு வாய் பருகியதும் அக்கா முகத்தைச் சுளித்தார்.

"கோபுரமா போட்டிருக்கே."

"கொஞ்சம் தித்திப்பா இருக்கட்டுமேன்னுதான்க்கா..."

"இனிமே சர்க்கரை வியாதி வரும்னு எனக்கென்ன பயம்? காப்பி காப்பியா இருக்கணும்ல?"

கட்டிலின் காலடியில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அவர் கணவர் ஊசியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அவர் தையற்காரர். "மாப்ளே, நான் கால் அங்குலம் கூடவிட்டுத் தைச்சாலே உங்கக்கா நடையைப் பாத்துக் கண்டுபிடிச்சிடுவா. உங்க கரண்டியெல்லாம் எம்மாத்திரம்!"

மேஸ்திரியால் சிரிக்க முடியவில்லை. கட்டில்மேல் கிடந்த ஒரு தாள் அவர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. அடுத்த ஊர்ப் பள்ளியிலும் நூலகம் கட்டப்போகிறார்கள். அதற்காக அக்கா எழுதிவைத்த கலவைக் குறிப்பு அது. "இருபது டின் மண்ணுக்கு ஒரு டின் சிமெண்ட், தலைதட்டி" என்பது அதன் முதல் வரி.

நான்காண்டுகளுக்கு முன் உள்ளூர்ப் பள்ளிக்கு அக்கா வரைந்துகொடுத்த நூலகத்தில் வெளியிலிருந்து வந்த பொருள், இருபதுக்கு ஒரு டின் என்ற அந்தச் சிமெண்ட்தான். அஸ்திவாரம் தோண்டிய மண்ணிலேயே அதைக் கலந்து, கைப்பொறியில் அழுத்திக் கல்லாக்கினார்கள். இடித்த பழைய வகுப்பறையின் ஓடுகள் கூரைக்கு ஏறின. உடைந்த பெஞ்சுகள் புத்தக அலமாரிகளாயின.

மேஸ்திரிக்கு மட்டும் அந்த ஒரு டின்னில் நம்பிக்கை பிறக்கவில்லை.

"குளவி கூடு கட்டுதே, அது சிமெண்ட் வாங்கக் கடைக்கா போச்சு?" என்று அக்கா அப்போது கேலி செய்தார்.

"குளவிக் கூட்டுல நாப்பது புள்ளைங்க உக்காந்து படிக்கறதில்லக்கா."

வாதத்தில் தோற்றவர் கையில் வென்றார். கோபுரமாக ஒரு டின் போடுவார். அக்கா அந்தப் பக்கம் திரும்பியதும் இன்னொன்று. மூன்று சுவர்கள் அப்படியே எழுந்தன. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அக்கா "இருபதுக்கு ஒண்ணு" என்று சொல்லும்போது, மேஸ்திரி அண்ணாந்து கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

இப்போது அந்தக் கணக்கை நம்பி இன்னோர் ஊர் கட்டப்போகிறது. அங்கே சுவர் கரைந்தால் அக்காவின் பெயரல்லவா கெடும்? சொல்ல இன்று ஒரு நாள்தான் இருந்தது.

"அக்கா, அந்தத் தாளைக் கொடுக்காதே."

"ஏன்டா?"

"நம்ம சுவர் நிக்கறது உன் கணக்குல இல்ல. நீ திரும்பறப்பல்லாம் இன்னொரு டின் போட்டேன்."

ஊசி நின்றது. அக்கா கணவரைப் பார்த்தார். கணவர் அக்காவைப் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து சிரிக்கத் தொடங்கினார்கள். அக்காவுக்கு இருமலே வந்துவிட்டது.

"நாலு வருஷம் ஆச்சு, சொல்லி முடிக்க!" என்றார், மூச்சு வாங்கியபடி. "நாலாவது சுவர் எழுப்பறப்ப உனக்குக் காய்ச்சல், ஞாபகம் இருக்கா? வடக்குச் சுவருக்கு நான்தான் கலந்தேன். மழை பெஞ்சா அது ஒண்ணுதான் மண் வாசம் அடிக்குது. மத்த மூணும் மூச்சே விடல. அப்பவே தெரியும்."

"அப்ப இந்தக் குறிப்பு?"

"கடைசி வரியைப் படி."

மேஸ்திரி தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "நான்கு மழைக்காலம் வடக்குச் சுவரை மட்டும் பார்த்து எழுதியது" என்றிருந்தது.

"திட்டியிருக்கலாமேக்கா."

"பயந்து போட்டே. அதுக்குத் திட்ட முடியுமா?" அக்கா தாளை வாங்கி மடித்துவைத்தார். "அதிகமாப் போட்டதுல வருத்தமில்லடா. நான் திரும்பினப்ப போட்டே பாரு, அதான் வலிச்சுது."

மேஸ்திரி தலை குனிந்தார்.

"சரி சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாதே. போய்ச் சர்க்கரை குறைச்சு இன்னொரு காப்பி கொண்டுவா."

கொண்டுவந்தார். அதை அக்கா முழுதும் குடித்தார். நண்பகலில், கணவர் கடைசிப் பொத்தானைத் தைத்து நூலை அறுத்துவிட்டு நிமிர்ந்தபோது, அக்கா உறங்குவதுபோலவே போயிருந்தார்.

மறுநாள் தூறலில் அக்காவின் இறுதி ஊர்வல வண்டி உள்ளூர்ப் பள்ளி வாசலில் சற்று நின்றது. தலைமையாசிரியை எல்லோரையும் நூலகத்துக்குள் அழைத்துச் சென்று, ஓர் அலமாரியின் ஓரத்தைக் காட்டினார். பத்து வயதில் அதே பள்ளியில் படித்தபோது பெஞ்சில் தாம் காம்பஸால் கீறிய பெயரே அங்கே இருந்தது. "இதைச் சீவிடுங்கன்னு எவ்வளவோ கெஞ்சினேன். 'கீறினது நீங்க, சீவறது நானா?'ன்னு அக்கா கேட்டுட்டாங்க" என்றார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த தையற்காரரும் சிரித்துவிட்டார்.

பிறகு பிள்ளைகள் யாரும் சொல்லாமலே வரிசையாகப் போய் வடக்குச் சுவரில் மூக்கை வைத்து முகர்ந்தார்கள். மழை நாளில் அது அவர்கள் வழக்கமாம். மேஸ்திரி முதலில் தாம் எழுப்பிய சுவரில் முகம் வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. வடக்குச் சுவருக்கு வந்தவர், வண்டிக்காரர் இரண்டு முறை கூப்பிடும்வரை அங்கிருந்து நகரவில்லை.

அடுத்த வாரம், அடுத்த ஊர்ப் பள்ளியில் மண் சலித்துக் குவித்திருந்தார்கள். இருபது டின் அளந்தாயிற்று. கலவை போடும் பெண்கள் மண்வெட்டியோடு காத்திருந்தார்கள். மேஸ்திரி மூட்டையிலிருந்து சிமெண்டை அள்ளினார். கை பழக்கத்தில் கோபுரமாகவே வந்தது.

"போடுங்க மேஸ்திரி, கூட ஒண்ணும் போடுங்க. யார் பாக்கப் போறாங்க?" என்றாள் ஒருத்தி.

மேஸ்திரி மட்டப்பலகையை எடுத்து டின்னின் வாயில் வைத்து இழுத்தார். மிஞ்சியது சரசரவென்று மூட்டைக்குள்ளேயே விழுந்தது. பிறகு டின்னைத் தோளுயரம் தூக்கி, நான்கு பக்கமும் தெரியும்படி மெல்லத் திருப்பினார்.

"யாருக்குக் காட்டறீங்க?"

அவர் அதை மண்ணின்மேல் கவிழ்த்தார்.