சரிக்குச் சரி

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு அப்பாவின் ஆள்காட்டி விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள் அவள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு ஸ்பிரிட்டில் போகாத கறை இல்லையென்று ஒரு நம்பிக்கை. நகத்து இடுக்கில் பல வருஷங்களாகக் குடியிருந்த கிரீஸ்கூடக் கொஞ்சம் இளகியது. நேற்று வாக்குச்சாவடியில் வைத்த மை அசைந்து கொடுக்கவில்லை.

"அது போகாது, விடு," என்றான் அண்ணன். "நாலு மணிக்கு வண்டி வந்துடும். கட்சி ஆபீஸ்லேருந்து கொடியோட கிளம்பிட்டாங்களாம்."

அவள் கை நின்றது. "கொடியா?"

"பின்ன? டெப்போ வாசல்ல ஏணிக் கொடியை மொதல்ல ஏத்தினவரே அப்பாதானே."

அவள் பஞ்சை மறுபடி ஸ்பிரிட்டில் தொட்டாள். சொல்லத் தொடங்கினால் முழுதாகச் சொல்ல வேண்டிவரும்.

அப்பா பஸ் டெப்போவில் மெக்கானிக். மீசை சரியாக முளைக்காத வயதிலேயே ஏணிக் கட்சி. ஒரு வேலைநிறுத்தத்தில் டெப்போ கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அதன் முன்னால் படுத்தவர். அன்று பின்பக்கச் சுவரேறிக் குதித்து வேலைக்குப் போன ஒரே ஆள், ஸ்டோர்ஸ் கிளார்க். குடைக் கட்சிக்காரர். அவர்களுக்கு எதிர்வீடு. குதித்த வேகத்தில் கணுக்கால் பிசகிவிட்டது. அவரை முதுகில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதும் அப்பாதான், வழியெல்லாம் திட்டிக்கொண்டே. அன்றிலிருந்து அவரை 'எதிர்க்கட்சி' என்றே கூப்பிட்டார். தெருவுக்கே அது பேராக நிலைத்துவிட்டது. அவளுக்கு எதிர்க்கட்சி மாமா.

தேர்தல் என்றால் இருவரும் சேர்ந்தேதான் போவார்கள். உன் ஓட்டை அழித்துவிட்டு வரலாம் வாய்யா என்று அப்பா வாசலில் நின்று குரல் கொடுப்பார். போட்டு முடித்ததும் டீக்கடையில் கை குலுக்கி, "சரிக்குச் சரி" என்பார்கள். வீட்டிலேயே இருந்திருந்தால் செருப்பாவது தேயாமல் இருந்திருக்கும் என்பாள் அம்மா, இருந்தவரை.

அப்பாவுக்குப் பார்வை மங்கிய பிறகு, துணைக்கு உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தும் வேலை அவளுக்கு வந்தது. முதல் தடவை, ஏணியின் மேல் விரலை வைத்த பிறகுதான் ஒப்புக்குக் கேட்டாள். அப்பா அவள் காதோடு சொன்னார்.

"அது இல்லம்மா. குடை."

புத்தி தடுமாறிவிட்டதோ என்று பயந்து இன்னொரு முறை கேட்டாள். குடைதான், அமுக்கு என்றார்.

திரும்பி வரும்போது அவராகவே பேசினார். வாலிபத்தில் உலகத்தையே கழற்றிப் போட்டு மறுபடி மாட்டிவிடலாம் என்று இருந்ததாம். மெக்கானிக்குக்கு வேறென்ன தோன்றும். பிள்ளைகள் பிறந்ததும் சம்பளம் உயர்ந்தால் போதும் என்று ஆனது. இப்போது தெருவிளக்கு எரிய வேண்டும், ஆஸ்பத்திரியில் மருந்து வாங்குகிற இடத்தில் உட்கார ஒரு பெஞ்சு வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெஞ்சைப் போட்டது குடைக் கட்சிக் கவுன்சிலர். "ஓடுற வண்டியை இனிமே யாரும் கழட்டிப் பாக்க வேணாம்மா. நான் எறங்குற வரைக்கும் ஓடினாப் போதும்."

பிறகு நின்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எதிர்க்கட்சிக்கு மட்டும் தெரியக் கூடாது. சண்டை போட அவனுக்கு வேற யாரு இருக்கா?"

அதற்குப் பிறகு வந்த தேர்தல்களிலும் குடைதான். ஆனால் சாயங்காலமானால் வாசலில் நாற்காலியைப் போட்டு ஏணிக்காக முன்னைவிடச் சத்தமாக வாதாடினார். நேற்றும் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து மாமாவோடு ஒரு மூச்சு சண்டை. கொஞ்சம் படுக்கிறேன் என்று உள்ளே போனவர் எழுந்திருக்கவில்லை. வாதத்தில் ஜெயித்த களை முகத்தில் அப்படியே இருந்தது.

கட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். கிளைச் செயலாளர், அவளைவிடச் சின்னவன், மடித்த கொடியை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தான். அவள் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கொஞ்சம் இருங்க. கொடி வேணாம்னு பாக்கறேன்."

அண்ணன் முறைத்தான். கால்மாட்டில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த எதிர்க்கட்சி மாமா, தடியை ஊன்றி எழுந்தார்.

"ஏம்மா வேணாம்?"

"அப்பா அதையெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சு மாமா."

"விட்டானா? நேத்து மத்தியானம் வரைக்கும் என் காதைக் கிழிச்சான். கொண்டாப்பா கொடியை. இவனைக் கொடியில்லாம அனுப்பிட்டு, நாளைலேருந்து நான் எதைத் திட்டுறது?"

மூலையில் யாரோ சிரித்தார்கள். குடைக் கட்சிக்காரர் ஏணிக் கொடிக்குக் கை நீட்டுவதைப் பார்த்துச் செயலாளர் திகைத்து நின்றான். மாமா அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டு, சமையலறைக்கு அவள் பின்னாலேயே வந்தார். வந்தவர் தம்ளரை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"யார்கிட்டயும் சொல்லாதே. போன தடவையும் நேத்தும் நான் ஏணிக்குத்தான் போட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள்.

"உத்தியோகம், வீடு, பிள்ளைங்கன்னு இருந்தப்போ எதுவும் ஆடிடக் கூடாதுன்னு இருந்துச்சு. உங்க அத்தை போனப்புறம் எங்கிட்ட ஆடுறதுக்கு என்ன இருக்கு? சின்னஞ்சிறுசுங்க எதையோ மாத்தணும்குதுங்க. மாத்தட்டுமேன்னு போட்டேன்."

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே மாமா."

"சொன்னா தலைமேல ஏறி உக்காந்துப்பான். அவனைத் தெரியாதா?" தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "எப்படியோ, கடைசி ஓட்டு ரெண்டு பேரும் ஒரே பக்கம். அவனுக்குத்தான் தெரியாமப் போச்சு."

சொல்லும்போது அவர் முகம் நிறைந்திருந்தது. அவளுக்குக் குடை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூடவே சிரிப்பும். தம்ளரை வாங்கிக் குழாயடியில் பிடித்து, தேவைக்கு மேல் கழுவினாள்.

"ஆமா மாமா," என்றாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது கொடியைப் போர்த்தியிருந்தார்கள். மின்விசிறிக் காற்றில் ஒரு முனை எழும்பி எழும்பி அப்பாவின் முகத்தில் விழுந்தது. மாமா அதை இழுத்துத் தோளுக்கடியில் செருகினார். சரியா இருக்கா அக்கா என்று செயலாளர் கேட்டான். அவள் குனிந்து, கொடியின் ஓரத்தை மடித்து, மை வைத்த இடது கையை மட்டும் வெளியே விட்டாள்.

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மாமா தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அந்தக் கையைப் பிடித்தார். டீக்கடையில் குலுக்குவதுபோல ஒருமுறை குலுக்கினார். கை வளையவில்லை. கட்டில்தான் லேசாக அசைந்து கொடுத்தது.