மச்சாள் கொண்டுவந்த வாளி

"இஞ்ச ஆட்டையும் புல்லையும் விட்டால் வேறை என்ன கிடக்கு?"

லண்டனிலிருந்து நியூசிலாந்துக்கு வந்திறங்கிய நாள் முதலாக, செல்வநாயகியின் கணவனுடைய அக்கா அன்னபாக்கியம் மச்சாள் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆக்லாந்துத் துறைமுகப் பாலத்தைக் காட்டினால், "தேம்ஸிலை எத்தினை பாலம் தெரியுமே?" என்பாள். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு பூட்டிக் கிடந்தால், "எங்கட லண்டனிலை..." என்று தொடங்குவாள்.

நாளைக்கு அவளுக்கு விமானம். இன்றைக்கு விட்டால், தான் வாழும் நாட்டைப் பற்றி லண்டன் முழுக்க ஆட்டுக் கதைதான் பரவும் என்று செல்வநாயகிக்குத் தெரியும். தெற்கே, பாலைவனச் சாலை என்று சொல்லும் பொட்டல் வழிக்கு அப்பால், பல நிறங்களில் மின்னும் கொதிநீர் ஊற்று ஒன்று வானத்துக்குச் சீறுமாம். அதைக் காட்டியே தீருவது என்று முடிவு கட்டினாள்.

கணவன் மகேசன் வேலை செய்யும் விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் பெட்டி விழுந்து, அவன் கை மாவுக்கட்டில் இருந்தது.

"அப்ப ஆர் கார் ஓடுறது?" என்றாள் மச்சாள்.

"நான்தான்."

"நீயோ? லைசென்ஸ் எடுத்து மையே காயேல்லையாம்!"

ஆக்லாந்தின் மங்கரேப் பகுதியில், அவர்கள் வீட்டு வாசலில், நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசுக்கிவிட்டு வண்டியை எடுக்கப்போன சமயம், மச்சாள் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்தாள். அதற்குள் துவாயும் மாற்றுச் சேலையும்.

"இதென்ன மச்சாள்?"

"எங்கட ஊர்க் கன்னியா வெந்நீர்க் கிணறு மாதிரித்தானே? நாலு வாளி அள்ளி முழுகினால் இடுப்பு நோ பறக்கும்."

"ஐயோ, இது கொதிக்கிற தண்ணி. கிட்டவும் போகேலாது!"

"வெந்நீர் ஊத்துக்குப் போய் முழுகாமல் வாறதோ? வாளி வரட்டும்."

பின் இருக்கையில் உட்கார்ந்து வழி முழுக்கக் கதவுப் பிடியை விடாமல் பற்றியிருந்தாள் மச்சாள். டவுப்போ ஏரி தாண்டியதும் மரங்கள் மறைந்தன. கறுப்பு மணலும் காய்ந்த புல்லும், தூரத்தில் பனி மூடிய மலையும். லொறி ஒன்று உரசுவதுபோல் கடந்தபோது, "முருகா!" என்று அலறினாள். செல்வநாயகி வேகத்தைக் குறைக்காமல் நேரே ஓட்டினாள்.

ஊற்று ஒரு மேட்டின் மேல் இருந்தது. துருச் சிவப்பு, பாசிப் பச்சை, மஞ்சள் என்று பாறை மினுங்கியது. ஆனால் தண்ணீர்? குபுகுபுவென்று ஆவி மட்டும். வேலிக்கு இந்தப்புறம் காத்திருந்தார்கள். கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறும் தீர்ந்தது. மச்சாள் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

"என்ரை வீட்டுக் கேத்திலிலையும் இவ்வளவு புகை வருமடி."

"அக்கா, கொஞ்சம் சும்மா இரும்," என்றான் மகேசன்.

செல்வநாயகி வேலியோரம் போய் நின்று ஆவியையே பார்த்தாள். இத்தனை தூரம் ஓட்டி வந்தது இதைக் கேட்கவா?

"போவம். இருட்ட முந்தி வீட்டை போகோணும்," என்று மச்சாள் எழுந்தாள்.

"இன்னும் கொஞ்சம் பாப்பம், மச்சாள்."

"உன்ரை பிடிவாதம்..."

சொல்லி முடிக்கவில்லை. நிலம் உறுமியது. வெள்ளைத் தூண் ஒன்று தென்னை உயரத்துக்கு எழுந்தது. வெயில் பட்டு அதன் தோளில் வானவில் நின்றது. நனைந்த பாறை தீப்போலச் சிவந்தது. காற்று திரும்ப, ஆறிப்போன சாரல் மூவரின் தலையிலும் பூவாய் விழுந்தது. மச்சாளின் திறந்த வாய் மூடவில்லை.

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதி கைதட்டினார்கள். மச்சாள் அவர்களை எவ்விடம் என்று ஆங்கிலத்தில் விசாரித்தாள். லண்டன் என்றார்கள்.

"லண்டனில் இது இருக்கிறதா?"

இல்லை என்று தலையாட்டினார்கள்.

"எங்கள் நியூசிலாந்தில் இருக்கிறது!" என்றாள் மச்சாள், ஈரத் தலையை நிமிர்த்தி. "அந்தா நிற்கிறாளே, என் தம்பியின் மனைவி. ஆக்லாந்திலிருந்து அவள்தான் ஓட்டிக்கொண்டு வந்தாள்!"

செல்வநாயகி கைப்பையைத் திறந்தாள். கார்ச் சாவியை எல்லோருக்கும் தெரியும்படி விரலில் மாட்டிக்கொண்டு முன்னே நடந்தாள்.

வண்டிக்கு வந்ததும் மச்சாள் முன்கதவைத் திறந்தாள்.

"தம்பி, நீ வாளியோடை பின்னாலை இரு. எனக்கு ரோட்டு வடிவாத் தெரியோணும்."